‘ஜங்கிள்’ மூடப்பட்ட பிறகு: சான் ஹோசே வீடற்றோர் முகாம், ஒரு நிகழ்வு ஆய்வு

2014 டிசம்பர் 4ஆம் தேதி காலையில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தில் கயோட்டி ஓடைக்கரை முகாமுக்குள் காவலர்களும், உடல் முழுக்கக் காப்புடை அணிந்த துப்புரவுப் பணியாளர்களும், மண்வாரி இயந்திரங்களும் இறங்கினார்கள். ‘ஜங்கிள்’ என்று ஊரெல்லாம் அறிந்திருந்த அந்த இடத்தில் சில நாள் முன்புதான் வெளியேற்ற அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. ஸ்டோரி சாலையை ஒட்டி ஏறக்குறைய 68 ஏக்கரில் பரவியிருந்த முகாம் அது. மூடப்படும் நாட்களில் இருநூறு முதல் முந்நூறு பேர்வரை அங்கே வாழ்ந்தார்கள். கூடாரங்கள், தார்ப்பாய்க் குடிசைகள், மரத்தின்மேல் கட்டிய பரண் வீடுகள், கரை மண்ணைக் குடைந்து செய்த அறைகள் என்று பல ஆண்டுகளில் ஒரு சிற்றூரே உருவாகியிருந்தது. அமெரிக்காவின் மிகப் பெரிய முகாம்களுள் ஒன்று என்று பத்திரிகைகள் எழுதின.

சான் ஹோசே இருக்கும், தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த சிலிக்கான் பள்ளத்தாக்கின் செல்வத்துக்கு நடுவே இப்படி ஒரு வறுமையா என்ற வியப்பு அன்றைய செய்திகள் எல்லாவற்றிலும் இருந்தது. அந்த முரண் உண்மைதான். ஆனால் வியப்பதோடு நின்றுவிட்டால் எதுவும் விளங்காது. செல்வம் வறுமையை எந்த வழியாகத் தொட்டது என்பதைப் பார்க்க வேண்டும். அந்த வழி வாடகை.

தடியோடு வந்து விரட்டிவிட்டுப் போன நகரம் என்றால் இதில் ஆராய எதுவுமில்லை. சான் ஹோசே அப்படிச் செய்யவில்லை. முகாமை மூடுவதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டில் சுமார் 40 லட்சம் டாலர் செலவிட்டு, அங்கிருந்த 144 பேரை வாடகை உதவியோடு வீடுகளில் குடியமர்த்தியிருந்தது. களப்பணியாளர்கள் கூடாரம் கூடாரமாகப் போய்ப் பெயர்களைப் பதிந்தார்கள். அன்றைய அமெரிக்க நகரங்களோடு ஒப்பிட்டால் இது நல்ல முயற்சி. அதனால்தான் இது எங்கே இடறியது என்பது கவனிக்கத்தக்கதாகிறது.

முகாமை அப்போது மூடியாக வேண்டும் என்ற நெருக்கடி பல பக்கமிருந்து வந்தது. தீ விபத்துகளும் வன்முறையும் இருந்தன. மழைக்காலத்தில் ஓடை பெருகும் ஆபத்து இருந்தது. ஆனால் நகர நிர்வாகத்தை உண்மையில் அசைத்தது தண்ணீர். கயோட்டி ஓடை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கலக்கிறது. ஸ்டீல்ஹெட் என்னும் மீன் முட்டையிட ஏறிவரும் ஓடைகளில் ஒன்று அது. குப்பையும் மனிதக் கழிவும் அதில் கலப்பதைத் தடுக்கச் சொல்லி நீர்வளக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் நகரத்தை நெருக்கினார்கள். அடுத்த ஆண்டு பேகீப்பர் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு நகரத்தின்மீது வழக்கே தொடுத்தது. 2016இல் அது சமரசத்தில் முடிந்தபோது, ஓடைகளில் சேரும் கழிவையும் குப்பையையும் கட்டுப்படுத்தப் பத்தாண்டுகளில் 10 கோடி டாலர் செலவிட நகரம் ஒப்புக்கொண்டது.

இதில் யார் மீதும் குறை சொல்ல முடியாது. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம், நீரை மாசுபடுத்துவோர்மீது குடிமக்களே வழக்குத் தொடர இடம் தருகிறது. ஓடையின் மீனுக்காக நீதிமன்றம் போக ஒரு வாசல் இருந்தது. கரையில் படுத்திருந்த மனிதருக்கு வீடு கேட்டு நீதிமன்றம் போக அப்படியொரு வாசல் இல்லை. நகர நிர்வாகம் எந்தக் கெடுவுக்குப் பயந்து ஓடுமோ அந்தக் கெடுவின் பக்கமே பணமும் வேகமும் போகும். ஜங்கிளின் கால அட்டவணையை ஓடையின் நிலைமை தீர்மானித்தது. வீடு தேடும் வேலை அதன் பின்னால் மூச்சிரைக்க ஓடியது.

அது எட்டிப்பிடிக்கவில்லை. முகாம் மூடப்பட்ட நாளில் அங்கிருந்தவர்களில் ஏறக்குறைய அறுபது பேரின் கையில் வாடகை வவுச்சர் இருந்தது, வீடு மட்டும் கிடைக்கவில்லை.

வவுச்சர் என்பது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த அவலம் புரியும். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் வாடகை உதவித் திட்டத்தில், குடியிருப்பவர் தம் வருமானத்தில் ஏறக்குறைய முப்பது விழுக்காட்டை வாடகைக்குத் தருவார். ஒரு வரம்புவரை மீதியை அரசு தரும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் வீட்டை அரசு தருவதில்லை. சந்தையில் போய்த் தேடிக்கொள்ள வேண்டும், அதுவும் குறித்த காலத்துக்குள். தேடும் கெடு முடிந்தால் வவுச்சர் செல்லாததாகிவிடும். கேட்டுக்கொண்டால் சில வேளை நீட்டித்துத் தருவார்கள். சான் ஹோசேயில் அப்போது சராசரி வாடகை மாதம் 2,000 டாலரைத் தாண்டியிருந்தது, காலி வீடுகளோ மிகக் குறைவு. ஒரு வீடு காலியானால் நிலையான சம்பளம் வாங்கும் மென்பொருள் பொறியாளர் ஒருவரும், பழைய வெளியேற்ற வழக்கும் மோசமான கடன் வரலாறும் உள்ள ஜங்கிள்வாசி ஒருவரும் வரிசையில் நிற்பார்கள். வீட்டுக்காரர் யாரைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. வவுச்சர் என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பவும் அன்று அவருக்கு உரிமை இருந்தது. கலிபோர்னியா அந்த உரிமையைச் சட்டமியற்றி எடுத்தது 2020 ஜனவரியில்தான்.

ஆக, 144 பேருக்கு வீடு கிடைத்ததை வெற்றி என்றே சொல்வேன். ஆனால் வீடு கிடைக்கும் வேகமும் முகாம் மூடப்படும் தேதியும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

எஞ்சியவர்களில் சிலர் இரவுக் காப்பகங்களுக்குப் போனார்கள். பலர் கடைத் தள்ளுவண்டிகளில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அதே ஓடையின் வேறு திருப்பங்களுக்கு நகர்ந்தார்கள். இது எதிர்பாராததல்ல. 2012இலும் ஜங்கிளில் ஒருமுறை வெளியேற்றம் நடந்தது. ஆட்கள் திரும்பி வந்தார்கள். 2014இல் திரும்பி வராதபடி பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

இடம் மாறுவதால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். களப்பணியாளர்களிடம் கேட்டால் முதலில் சொல்வது அடையாள அட்டை. வீட்டுக்கு விண்ணப்பிக்க அடையாள அட்டை வேண்டும், சமூகப் பாதுகாப்பு அட்டை வேண்டும், வருமானச் சான்று வேண்டும். முகாமில் இருப்பவருக்கு இவற்றைப் புதிதாக வாங்கித்தர மாதக்கணக்கில் ஆகும். மண்வாரி இயந்திரம் ஒரு கூடாரத்தை அள்ளும்போது அந்த அட்டைகளும், நீரிழிவு மாத்திரையும், கைபேசியும் சேர்ந்தே குப்பை லாரிக்குப் போகின்றன. கைபேசி போனால் களப்பணியாளர் அழைக்க எண் இல்லை. ஆள் எந்தப் பாலத்தடியில் இருக்கிறார் என்பதும் தெரியாது. கோப்பு அப்படியே உறங்கிவிடும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இப்படி உடைமைகளை அள்ளி அழித்ததை எதிர்த்து வந்த வழக்கில், 2012இலேயே மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், தெருவில் விட்டுவைத்த பொருள் என்பதற்காக அது யாருக்கும் உரியதல்ல என்றாகிவிடாது எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகு நகரங்கள் பொருட்களைச் சேமித்து வைக்கும் விதிகளை எழுதின. பேருந்துக் கட்டணமும் இல்லாதவர் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் கிடங்குக்குப் போய்த் தம் மூட்டையை எப்படி மீட்பார் என்பதை அந்த விதிகள் சொல்வதில்லை.

மருத்துவச் சேதமும் உண்டு. அமெரிக்காவின் 23 நகரங்களை வைத்து 2023இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஒரு கணினி மாதிரி ஆய்வு, ஊசிவழிப் போதைப்பொருள் பயன்படுத்தும் வீடற்றவர்களைக் கட்டாயமாக இடம்பெயர்த்தால் பத்தாண்டுகளில் என்ன ஆகும் என்று கணக்கிட்டது. அந்த மக்களிடையே நிகழும் மரணங்களில் 15 முதல் 25 விழுக்காடுவரை இடப்பெயர்வு காரணமாக இருக்கக்கூடும் என்பது அதன் முடிவு. அது மாதிரிக் கணக்குதான், நேரில் எண்ணியது அல்ல. ஆனாலும் காரணம் எளிது: மருந்து தருபவரிடமிருந்து ஆளைப் பிரித்தால் மருந்து நிற்கும்.

முகாமை அப்படியே விட்டுவிடுவதுதான் இரக்கம் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெரிய முகாம்களில் பெண்கள் படும் பாடும், தீப்பிடித்தால் தப்ப வழியில்லாத நெருக்கமும், எலியும் நோயும் கற்பனை அல்ல. ஜங்கிளை மூடியது தவறு என்று சொல்ல என்னால் முடியவில்லை. மூடிய வரிசைதான் தவறு.

மூடிய பிறகு என்ன நடந்தது? ஜனவரியில் எடுக்கப்படும் ஓரிரவுக் கணக்கின்படி சான் ஹோசேயில் வீடற்றவர்கள் 2015இல் 4,063 பேர். 2017இல் 4,350. 2019இல் 6,097. இந்த உயர்வுக்கு ஜங்கிள் காரணமில்லை, வாடகை காரணம். ஒரு குடும்பம் வீடேறும் காலத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் புதிதாக வீடிழந்துகொண்டிருந்தன. 2017 பிப்ரவரியில் கயோட்டி ஓடை கரைபுரண்டபோது சுமார் 14,000 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. ஓடைக்கரையில் தங்கியிருந்தவர்களும் அந்த வெள்ளத்தில் சிக்கினார்கள்.

இதற்கிடையில் சான் ஹோசே அடங்கிய சாண்டா கிளாரா கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஓர் அருமையான காரியம் செய்தது. அதைப் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். மருத்துவமனை, சிறை, அவசர ஊர்தி, சமூக நலம் என எல்லாத் துறைகளின் பதிவேடுகளையும் ஆள்வாரியாக இணைத்து, ஆறு ஆண்டுகளில் வீடற்றிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆன செலவைக் கணக்கிட்டது. 2015இல் வெளியான அந்தக் கணக்கின்படி ஆண்டுக்கு 52 கோடி டாலர். அதைவிட முக்கியம், செலவு சமமாகப் பரவியிருக்கவில்லை. நெடுங்காலம் வீடற்றிருந்தவர்களில் மிக அதிகச் செலவு ஏற்படுத்திய சுமார் 2,800 பேருக்கு ஆண்டுக்குத் தலா ஏறக்குறைய 83,000 டாலர் போயிருந்தது. அந்தப் பணத்துக்கு அவர்களுக்கு நல்ல வீடே வாடகைக்கு எடுத்துத் தந்து, உடன் ஒரு செவிலியரையும் அனுப்பலாம். அடுத்த ஆண்டு நவம்பரில் கவுண்டி வாக்காளர்கள் வீட்டு வசதிக்காக 95 கோடி டாலர் கடன்பத்திரத்தை அங்கீகரித்தார்கள்.

‘அவர்களுக்கு வீடு வேண்டாம், கொடுத்தாலும் இருக்கமாட்டார்கள்’ என்ற பேச்சுக்கும் அதே கவுண்டியில்தான் பதில் கிடைத்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் சிறைக்கும் அடிக்கடி போய்வந்த 423 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆதரவுப் பணிகளோடு கூடிய நிரந்தர வீடு தந்து பார்த்தார்கள். சான் பிரான்சிஸ்கோ மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட முடிவு: வீடு தரப்பட்ட பிரிவில் 86 விழுக்காட்டினர் குடியேறினார்கள், பெரும்பாலோர் நிலைத்தும் இருந்தார்கள். இவர்கள் ஊரிலேயே மிகச் சிக்கலானவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஹியூஸ்டன் வேறு வரிசையில் செய்தது

டெக்சாஸின் ஹியூஸ்டன் நகரத்தில் 2011இல் வீடற்றவர்கள் ஏறக்குறைய 8,500 பேர். 2022இல் 3,200க்கும் குறைவு. இடைப்பட்ட காலத்தில் 25,000க்கும் மேற்பட்டவர்களைத் தெருவிலிருந்து நேராக வீடுகளுக்கு நகர்த்தியிருந்தார்கள். அன்றைய மேயர் அனீஸ் பார்க்கர் தொடங்கிவைத்தார். அடுத்து வந்த சில்வெஸ்டர் டர்னர் கைவிடாமல் தொடர்ந்தார். இரண்டாவது செய்தி எனக்குப் பெரிதாகப் படுகிறது, ஏனென்றால் முன்னவர் திட்டத்தைக் குழிதோண்டிப் புதைப்பதுதான் பின்வருபவர் வழக்கம்.

அங்கே நடந்த முதல் மாற்றம் கட்டடம் அல்ல, காகிதம். வீடற்ற முன்னாள் படைவீரர் ஒருவர் தெருவிலிருந்து ஆதரவுள்ள வீட்டுக்குப் போக 76 படிகளைக் கடக்க வேண்டியிருந்தது. 720 நாள் ஆனது. நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகளை ஒரே கணினிப் பதிவேட்டுக்குள், ஒரே முன்னுரிமைப் பட்டியலுக்குள் கொண்டுவந்த பிறகு அந்தக் காத்திருப்பு 32 நாளாகக் குறைந்தது. தனித்தனித் தொண்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தம் கட்டிலுக்குத் தாமே ஆள் பிடித்துக்கொள்ளும் பழக்கத்தை விடவைத்ததுதான் இதில் கடினமான வேலையாக இருந்திருக்கும்.

முகாமை மூடும் முறையும் இந்தப் பட்டியலிலிருந்தே வந்தது. முதலில் ஒரு முகாமைத் தேர்ந்தெடுப்பார்கள். மூடுவதற்குச் சில வாரங்கள் முன்பே களப்பணியாளர்கள் அங்கே போய் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, அடையாள ஆவணங்களைத் தயார் செய்வார்கள். வீடுகளை முன்கூட்டியே பிடித்து வைப்பதற்கென்று தனி ஆட்கள் உண்டு; அவர்கள் வீட்டுக்காரர்களோடு மட்டுமே பேசுவார்கள், குடியிருப்பவரால் சேதம் வந்தால் ஈடுகட்டவும் நிதி வைத்திருப்பார்கள். சான் ஹோசேயில் வவுச்சரைப் பிடித்துக்கொண்டு தனியே அலைந்தவரின் வேலையை இங்கே அமைப்பே செய்தது. அங்கிருந்தவர்கள் சாவியோடு கிளம்பிய பிறகுதான் இடம் சுத்தம் செய்யப்பட்டு வேலியிடப்படும். 2023இல் ஃபிஃப்த் வார்டு பகுதியில் ஓர் இடைத்தங்கல் மையத்தையும் திறந்தார்கள். முகாமிலிருந்து வந்தவர்கள் வீட்டு ஒப்பந்தம் தயாராகும்வரை தங்கும் இடம் அது.

இதைப் படித்துவிட்டு எல்லா நகரமும் ஹியூஸ்டன் ஆகலாம் என்று எழுதுபவர்கள் இரண்டு செய்திகளை விழுங்கிவிடுகிறார்கள். எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று வரையறுக்கும் நில வகைப்பாட்டுச் சட்டம் ஹியூஸ்டனில் இல்லை. அடுக்குமாடி வீடுகள் எளிதாகக் கட்டப்படுகின்றன, காலி வீடுகள் இருக்கின்றன, வாடகை கலிபோர்னியாவில் பாதிகூட இல்லாத பகுதிகள் உண்டு. அடுத்து, பெருந்தொற்றுக் கால நிவாரணப் பணத்திலிருந்து 2020இல் தொடங்கிய 6.5 கோடி டாலர் திட்டம் இந்த வேகத்துக்குப் பெருந்துணையாக இருந்தது. மனம் கனிந்த நகரம் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஐந்து பேருக்கு மேல் பொது இடத்தில் உணவு கொடுக்க உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்று 2012இல் விதி செய்த நகரமும் அதுதான். 2023இல் நூலக வாசலில் சோறிட்ட தொண்டர்களுக்கு அபராதச் சீட்டுகள் வழங்கியதும் அதுதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. வீடுகள் குறைவாக இருக்கும்போது, முகாமில் இருப்பவருக்கு முன்னுரிமை கொடுத்தால் காப்பகத்தில் ஒழுங்காகக் காத்திருக்கும் நோயாளி பின்னுக்குப் போகிறார். கண்ணில் படும் வறுமைக்கு முதலிடம், கண்ணில் படாததற்குக் கடைசி இடம். முகாம் அடிப்படையில் இயங்கும் எந்தத் திட்டமும் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

எக்கோ பார்க்

லாஸ் ஏஞ்சல்ஸின் எக்கோ பார்க் ஏரிக்கரை முகாமை 2021 மார்ச்சில் மூடியபோது, ஏறக்குறைய இருநூறு பேருக்கு ஓட்டல் அறையும் காப்பகமும் தந்ததாக நகரம் அறிவித்தது. அதை எதிர்த்து வந்த கூட்டத்தில் 180க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஓராண்டு கழித்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாக ஆய்வாளர்கள், அப்படி இடம் தரப்பட்டவர்கள் பட்டியலில் இருந்த 183 பேரைத் தேடினார்கள். நீண்டகால வீட்டில் இருப்பதாக உறுதியானவர்கள் 17 பேர். மூடப்பட்ட நாளன்று எடுத்த கணக்கு பொய்யல்ல. ஓட்டல் அறைக்குப் பிறகு எங்கே என்ற கேள்விக்குத்தான் விடை இல்லாமல் போனது.

நீதிமன்றம் சொன்னது

2018இல் மார்ட்டின் எதிர் பாய்ஸி வழக்கில் ஒன்பதாம் வட்ட நீதிமன்றம், தங்குவதற்குக் காப்பகத்தில் இடமே இல்லாதபோது வெளியில் படுத்தவரைத் தண்டிப்பது அரசியல் சட்டத்தின் எட்டாம் திருத்தத்துக்கு விரோதமான கொடுந்தண்டனை என்றது. மேற்கு மாநிலங்களின் நகரங்கள் கட்டில்களை எண்ணத் தொடங்கின. வெளியேற்ற வேண்டுமென்றால் கட்டில் காட்ட வேண்டும். குறைபாடுகள் இருந்தாலும் அது நகரங்களைக் காப்பகம் கட்டவைத்த ஒரு விதி.

ஓரிகன் மாநிலத்தில் சுமார் 38,000 பேர் வாழும் கிராண்ட்ஸ் பாஸ் என்ற ஊர் இதை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனது. பூங்காவில் போர்வையோடு படுத்தால் 295 டாலர் அபராதம், கட்டாவிட்டால் 537. கூரை இல்லாதவரிடம் இந்தத் தொகையைக் கேட்பது வசூலிக்கும் எண்ணத்தில் அல்ல என்பது யாருக்கும் தெரியும். 2024 ஜூன் 28இல் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை நீதிபதி நீல் கோர்சச் எழுதினார்; சோனியா சோட்டோமயோர் எதிர்த்து எழுதினார். ஒரு மாதத்துக்குள் கலிபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் முகாம்களை அகற்றும் ஆணையைப் பிறப்பித்தார். கட்டில் எண்ணும் கட்டாயம் போயிற்று. வாடகை வீடுகளின் எண்ணிக்கையில் தீர்ப்பால் ஒன்றுகூடக் கூடவில்லை.

சான் ஹோசே இப்போது

மேயர் மாட் மகான் காலத்தில் சான் ஹோசே நிரந்தர வீடுகளிலிருந்து இடைக்காலச் சிறுவீடுகளின் பக்கம் பணத்தைத் திருப்பியிருக்கிறது. விரைவில் கட்டலாம், பூட்டிக்கொள்ளும் கதவு உண்டு என்பது அவர் வாதம். ஜங்கிள் காலத்து வவுச்சர் அனுபவத்தைப் பார்த்தால் அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஓடைக்கரையில் வவுச்சரோடு நின்ற அறுபது பேருக்கு அன்று வேண்டியிருந்தது அப்படியொரு கதவுதான். ஆனால் இடைக்கால வீட்டுக்குப் பின்புறக் கதவும் வேண்டும். நிரந்தர வீடு கட்டும் பணத்தை எடுத்து இதைக் கட்டினால், உள்ளே வந்தவர் நகர இடமின்றி அங்கேயே தேங்குவார், அடுத்தவர் வெளியே நிற்பார். எக்கோ பார்க் ஓட்டல் அறைகளில் நடந்தது மெதுவாக இங்கே நடக்கலாம். 2025இல் தங்குமிடத்தைத் திரும்பத் திரும்ப மறுப்பவரைக் கைது செய்ய வழி செய்யும் கொள்கையையும் நகர மன்றம் ஏற்றது. மறுப்பவர் ஏன் மறுக்கிறார், துணையைப் பிரிய வேண்டியிருப்பதாலா, நாயை விட வேண்டியிருப்பதாலா, முன்பு அங்கே திருட்டுக்கு ஆளானதாலா என்பதைக் கைது ஆவணத்தில் எழுதும் இடம் எதுவும் இருக்காது.

அதே ஆண்டு ஜூலையில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த நிர்வாக ஆணை, முதலில் வீடு பிறகு சிகிச்சை என்ற அணுகுமுறைக்குக் கூட்டாட்சி அரசு தந்துவரும் ஆதரவை முடிவுக்குக் கொண்டுவரச் சொல்கிறது. சாண்டா கிளாராவின் 423 பேர் ஆய்வு அந்த அணுகுமுறையில் நடந்ததுதான். ஹியூஸ்டனில் கையெழுத்தான வாடகை ஒப்பந்தங்களில் பெரும் பகுதியும் அந்தக் கூட்டாட்சிப் பணத்தில்தான் ஓடுகின்றன.